கூண்டு வைத்தால் தீர்ந்துவிடுமா?

தானே, முலுண்ட், போரிவலி, பவாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. கொஞ்ச நாளைக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் ஒரு சி.சி.டி.வி. துண்டு வந்து விழும். இரவு இரண்டரை மணி, காம்பவுண்டு சுவர், அதன்மேல் ஏதோ சொந்த வீட்டு மாடிப்படி மாதிரி சாவகாசமாக நடந்து போகும் ஒரு சிறுத்தை. அடுத்த பத்து நிமிடத்தில் நூறு மெசேஜ். அதில் தொண்ணூறு ஒரே வரிதான்: "ஃபாரஸ்ட் ஆபீசுக்கு போன் போட்டு உடனே கூண்டு வைக்கச் சொல்லுங்கள்." புனே, நாசிக் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே சுவருக்குப் பதில் கரும்புத் தோட்டம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுத்தை கண்ணில் பட்டது என்பதற்காகக் கூண்டு வைப்பது தப்பு. ஆளை அடித்த சிறுத்தைக்குக் கூண்டு வைத்துத்தான் ஆகவேண்டும், ஆனால் அதைக் கணக்காக, அந்த மிருகத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மனிதனும் சாகிறான், சிறுத்தையும் சாகிறது.

"பி.காம். படித்துவிட்டு லோன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவருக்கு சிறுத்தையைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். (தங்கமணி ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.) நியாயமான கேள்விதான். ஜுன்னர் தாலுகாவில் ஒரு கிராமக் கிளையில் மூன்று வருடம் பயிர்க்கடன் பார்த்தேன். அங்கே சிறுத்தையைப் பற்றித் தெரியாமல் கரும்புக்குக் கடன் கொடுக்க முடியாது. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனால் விவசாயி சர்வே நம்பரைக் காட்டுவதற்கு முன்னால் 'பிப்ட்யா' போன தடத்தைத்தான் காட்டுவார். மராத்தியில் சிறுத்தைக்கு அதுதான் பெயர்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். "காட்டை அழித்துவிட்டோம், அதனால் அது ஊருக்குள் வருகிறது" என்பது பாதி உண்மைதான். ஜுன்னர் பக்கத்தில் நடந்தது வேறு. குக்டி திட்டத்தில் ஏடகாவ், மாணிக்டோ, வடஜ் என்று வரிசையாக அணைகள் வந்தன. வானம் பார்த்த பூமி கரும்புக் காடானது. கரும்பு ஒரு வருடத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும் பயிர். ஆள் உயரத்துக்கு மேல் மறைவு, பக்கத்திலேயே தண்ணீர், வீட்டுக்கு வீடு நாய், ஆடு, கன்றுக்குட்டி. சிறுத்தைக்கு இதைவிட என்ன வேண்டும்? அது அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கிழமாகிறது. வெட்டு சமயத்தில் கரும்புக்குள் குட்டிகள் கிடைப்பது அங்கே சாதாரணம். காடு எப்படி இருக்கும் என்றே அந்தக் குட்டிகளுக்குத் தெரியாது. 'காட்டுக்குத் திருப்பி அனுப்பு' என்றால் எந்தக் காட்டுக்கு?

பக்கத்து அகோலே தாலுகாவில் வித்யா ஆத்ரேயா என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் கேமரா வைத்து எண்ணிப் பார்த்தார்கள். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சிறுத்தை! காடே இல்லாத, சதுர கிலோமீட்டருக்கு முந்நூறு பேருக்கு மேல் வாழும் விவசாய பூமியில். அவற்றின் சாப்பாட்டை ஆராய்ந்தபோது, எடைக் கணக்கில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் நாய். வீட்டு மிருகங்கள் எல்லாம் சேர்த்தால் எண்பது சதவீதத்துக்கும் மேல். இத்தனை சிறுத்தை நடுவில் இருந்தும் அந்தப் பகுதியில் மனிதர்கள்மேல் தாக்குதல் மிக அபூர்வம். அதாவது, சிறுத்தை இருப்பது ஒரு விஷயம், சிறுத்தை ஆளை அடிப்பது வேறு விஷயம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சஹ்யாத்ரி ஓரத்து ஊர்களில் 'வாகோபா' என்று புலிச்சாமிக்குக் கோயில் உண்டு. நம் ஊர் எல்லைச்சாமி மாதிரி. சாமியைக் கும்பிட்டுக்கொண்டே ஆட்டைப் பட்டியில் அடைத்துத் தாழ்ப்பாள் போடுவார்கள். இரண்டும் வேண்டும் என்பது அவர்கள் அனுபவம்.

சரி, பொறி விஷயத்துக்கு வருவோம். மிருகத்துக்குப் பொறி வைப்பதை ஒரு சாஸ்திரமாகவே வைத்திருக்கிறவர்கள் அமெரிக்காக்காரர்கள். அங்கே கயோட்டி என்று ஒரு ஜந்து உண்டு. நம் குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு சைஸ். ஆட்டு மந்தையில் கைவைக்கும். அதைப் பிடிக்க விதவிதமாகப் பொறி வைப்பார்கள். வேறு ஏதோ மிருகம் இரையைப் புதைத்து வைத்த மாதிரி சாய்வாக ஒரு சின்ன வளை தோண்டி, உள்ளே வாசனைச் சரக்கைப் போட்டு, வாயில் மண்ணுக்கடியில் கால்பொறியை ஒளித்து வைப்பது ஒரு வகை. நாய் கம்பத்தைத் தேடிப் போகிற மாதிரி, ஒரு கட்டையிலோ புல்தூறிலோ கயோட்டி மூத்திரத்தைத் தெளித்து எதிரே பொறி வைப்பது இன்னொரு வகை. குழியே இல்லாமல் சமதரையில் ஒரு எலும்பையோ பழைய கொம்பையோ காட்டி ஏமாற்றுவது மூன்றாவது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அது எந்தப் பாதையில் வரும், முன்னங்கால் எங்கே படும் என்றெல்லாம் கணக்கு. மிதிக்கும் தட்டின் விறைப்பைக்கூட அளந்து வைப்பார்கள். முயலோ சின்ன நரியோ மிதித்தால் பொறி விழக்கூடாதாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்தக் கடைசிக் கணக்கு. நல்ல பொறி என்பது சீக்கிரம் விழும் பொறி இல்லை, தேவையில்லாத மிருகத்துக்கு விழாத பொறி. (வங்கியில் நல்ல ஆடிட்டர் மாதிரி. கண்ணில் படுகிறவனையெல்லாம் பிடிக்கிறவர் ஆடிட்டர் இல்லை.)

ஆனால் இத்தனை சாமர்த்தியத்துக்குப் பிறகும் நடந்தது என்ன? அமெரிக்க மத்திய அரசின் வனவிலங்குப் பிரிவு மட்டும் 2018 முதல் 2021 வரை ஒவ்வொரு வருடமும் 60,000-க்கும் மேல் கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. பொறி, துப்பாக்கி, ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. தனியார் கணக்கு தனி. இன்றைக்கு ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் கயோட்டி இருக்கிறது. சிகாகோ நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றைத் தூக்கினால் அந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து உட்காருகிறது. பொறி வைப்பதில் கெட்டிக்காரத்தனம் ஒரு மிருகத்தைப் பிடிக்க உதவும். இடத்தைக் காலியாக வைத்திருக்க உதவாது.

நம் ஊர்ச் சிறுத்தைக் கூண்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. இரும்புச் சட்டக் கூண்டு. பின்பக்கம் கம்பி போட்டுத் தடுத்த ஒரு சின்ன அறை, அதற்குள் ஆடோ நாயோ. சிறுத்தை உள்ளே வந்து தட்டை மிதித்தால் முன்கதவு தொப்பென்று விழும். மேலே கரும்புத் தோகையோ இலைதழையோ போட்டு மறைப்பார்கள். உள்ளே இருக்கும் ஆடு கத்தும். அந்தச் சத்தம் கேட்டு யார் வருவார்கள்? பசியோடு அந்த வழியாகப் போகிற எந்தச் சிறுத்தையும் வரும். நாலு நாள் முன்னால் ஆளை அடித்ததும் வரும், ஜென்மத்தில் மனிதன் பக்கம் திரும்பாததும் வரும், அம்மாவைத் தேடும் குட்டியும் வரும். கூண்டுக்கு முகம் தெரியாது.

இப்படிக் கண்டபடி பிடித்ததன் பலனை ஜுன்னர் ஒருமுறை அனுபவித்துவிட்டது. 2001 பிப்ரவரியில் அங்கே ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஊருக்குள் பிடிபடும் சிறுத்தைகளைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காடுகளில் விடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மொத்தம் 29 சிறுத்தைகளைப் பிடித்து இப்படி விட்டார்கள். அதற்கு முன் வருடத்துக்குச் சராசரி 4 தாக்குதல் இருந்த இடத்தில், திட்டத்துக்குப் பிறகு வருடத்துக்கு 17 ஆனது. தாக்குதலில் உயிர் போகும் விகிதம் 18 சதவீதத்திலிருந்து 36 சதவீதமானது. சிறுத்தைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களைச் சுற்றியும் தாக்குதல்கள் நடந்தன. ஆத்ரேயாவும் சகாக்களும் இதை 2011-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மத்திய அரசு அதே 2011-ல் சிறுத்தை விவகாரத்துக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, இஷ்டத்துக்குப் பிடித்து இடம் மாற்றுவதை வேண்டாம் என்றது.

ஏன் இப்படி ஆகிறது? வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஒரு ஆபீசரை ராத்திரியோடு ராத்திரி டிரான்ஸ்ஃபர் போட்டால் என்ன நடக்கும்? அவர் சீட் காலியாக இருக்காது, அடுத்த வாரமே புதுசாக ஒருவர் வந்து உட்காருவார். அவருக்கு ஊரும் தெரியாது, வாடிக்கையாளரும் தெரியாது. மாற்றிப் போட்ட ஆபீசரோ புது ஊரில் ஒன்றும் புரியாமல் முழித்து, வாய்ப்புக் கிடைத்தால் பழைய ஊருக்கே திரும்பி வரப் பார்ப்பார். (இதில் எனக்கு அனுபவ ஞானம் நிறைய உண்டு.) சிறுத்தையும் அப்படியே. பழகிய இடத்தில் எந்த வீட்டில் எப்போது விளக்கு அணையும், எந்தச் சந்தில் நாய் படுத்திருக்கும், எந்த நேரத்தில் மனிதன் நடமாட்டம் இருக்காது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. நம் கண்ணில் படாமல் பிழைக்கும் கலை அது. அதைத் தூக்கி, கூண்டுக்குள் முட்டி மோதிப் பல்லும் நகமும் உடைந்த நிலையில், தெரியாத மண்ணில் இறக்கிவிட்டால் அந்தக் கலை ஒன்றுக்கும் உதவாது.

திரும்பி வரும் என்பதற்கு அஜோபா கதை போதும். 2009-ல் அகமத்நகர் மாவட்டத்தில் (இப்போது அகல்யாநகர்) டாக்ளி டோகேஷ்வர் என்ற ஊரில் ஒரு கிணற்றில் ஒரு கிழட்டு ஆண் சிறுத்தை விழுந்தது. தூக்கி எடுத்து, கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டி, மால்ஷேஜ் காட் பக்கம் விட்டார்கள். மராத்தியில் தாத்தா என்று பொருள்படும்படி அஜோபா என்று பெயர். அந்தத் தாத்தா பொடி நடையாக சுமார் 120 கிலோமீட்டர் நடந்து, நெடுஞ்சாலை தாண்டி, வசாய் கழிமுகத்தைக் கடந்து, நம் போரிவலி நேஷனல் பார்க் பக்கம் வந்து சேர்ந்தார். வழியில் ஒரு மனிதரைக்கூடத் தொடவில்லை. 2011 டிசம்பரில் மும்பை-அகமதாபாத் நெடுஞ்சாலையில் வாகனம் மோதிச் செத்துப்போனார். 2014-ல் ஊர்மிளா மாதோண்ட்கர் நடித்து இதே பெயரில் மராத்திப் படமும் வந்தது. நான் இந்தக் கதையில் பார்ப்பது இதைத்தான்: சிறுத்தையை எங்கே விடுவது என்று ரேஞ்சர் வரைபடத்தில் குறித்த புள்ளிக்கும், சிறுத்தை தன் மனதில் குறித்த புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை.

"அப்படியானால் விடவே வேண்டாம், ஆயுசுக்கும் கூண்டிலேயே வையுங்கள்" என்பார்கள். ஜுன்னர் பக்கத்திலேயே மாணிக்டோவில் அப்படி ஒரு சிறுத்தை மையம் இருக்கிறது. ஆனால் 2022 கணக்குப்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள். மகாராஷ்டிராவில் 1,985, தமிழ்நாட்டில் 1,070. கண்ணில் பட்டதையெல்லாம் அடைப்பதென்றால் எத்தனை மாணிக்டோ கட்டுவீர்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு "வந்துட்டாருய்யா மிருகாபிமானி" என்று திட்டத் தயாராகிறவர்களுக்கு ஒரு நிமிடம். இந்தப் பதிவை நான் சிறுத்தைக்காக எழுதவில்லை.

2025 அக்டோபர், நவம்பரில் புனே மாவட்டம் சிரூர் தாலுகாவில் பிம்பர்கேட், ஜாம்பூத் ஊர்களில் மூன்றே வாரத்தில் மூன்று பேர் செத்தார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை, எண்பது தாண்டிய ஒரு பாட்டி, பதின்மூன்று வயதுப் பையன். ஜனங்கள் வனத்துறை வண்டியைக் கொளுத்தினார்கள், நெடுஞ்சாலையை மறித்தார்கள். கடைசியில் துப்பாக்கிக்காரர்கள் வந்து சிறுத்தையைச் சுட்டார்கள். அந்தத் தாய்மார் முன்னால் போய் நின்று ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கிற தைரியம் எனக்குக் கிடையாது, உங்களுக்கும் இருக்காது. குழந்தையைக் கொன்ற மிருகம் அந்த ஊரில் இருக்கக்கூடாது. பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் சுட வேண்டும். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே பிடிப்பதும் பொறி வைப்பதும் அடக்கம். மனித உயிருக்கு ஆபத்தான மிருகம் என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்தில் உத்தரவு போட்டால் நடவடிக்கை எடுக்கலாம். நீங்களோ நானோ சொசைட்டி செகரட்டரியோ சொந்தமாகப் பொறி வைத்தால் அது குற்றம். பன்றிக்கு என்று வேலியில் கட்டும் கம்பிச் சுருக்கும் அப்படித்தான். அதில் மாட்டி இடுப்பு அறுந்து சாகும் சிறுத்தைகள் நிறைய.

ஆனால் கொன்றது எது என்று முதலில் தெரிய வேண்டாமா? நம்ம வால்பாறையில் 2025 ஆகஸ்டில் அஸ்ஸாமிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் எட்டு வயதுப் பையன் செத்தபோது எல்லோரும் சிறுத்தை என்றுதான் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு, அது கரடி என்று தெரிந்தது. கரடி அடித்ததற்கு சிறுத்தையைப் பிடித்தால் யாருக்கு லாபம்? கரடி அங்கேயேதான் இருக்கும், ஊர் மட்டும் 'பிடித்தாச்சு' என்று நிம்மதியாகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கும். தப்பான மிருகத்தைப் பிடிப்பதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

ஆகவே கூண்டு வைத்தே தீரவேண்டிய சமயத்தில் எப்படி வைக்க வேண்டும்? ஜுன்னரில் வனத்துறை ஆட்களிடமும் விவசாயிகளிடமும் காது கொடுத்துக் கேட்டதிலிருந்து எனக்குப் புரிந்தவை:

ஒன்று. முதலில் ஆதாரம். தடம், காயம், உடலில் ஒட்டிய எச்சில், ரோமம். சம்பவ இடத்தைச் சுற்றிக் கேமரா. சிறுத்தையின் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. மும்பை ஆரே காலனியில் 2021-ல் அடுத்தடுத்து ஆட்கள் தாக்கப்பட்டபோது, கேமராப் படங்களில் புள்ளிகளை ஒப்பிட்டுத்தான் எது அந்தச் சிறுத்தை என்று தேடினார்கள்.

இரண்டு. இடம். ஊர் நடுவில், நாலு பேர் பார்க்கிற மாதிரி கூண்டு வைப்பது ஊர்ப் பிரமுகருக்குத்தான் உதவும். அது வந்து போகும் வரப்பு, ஓடைக்கரை, தாக்குதல் நடந்த இடத்துக்குத் திரும்பி வரும் வழி, அங்கே வைக்க வேண்டும்.

மூன்று. கூட்டம் கூடாது. ஐந்நூறு பேர் செல்போனோடு சுற்றி நின்றால் கூண்டுக்கு எந்தச் சிறுத்தையும் வராது. பயந்து ஓடுகிற சிறுத்தை யாராவது ஒருவர் மேல் பாய்ந்துதான் ஓடும்.

நான்கு. பிடிபட்டது அதுதானா என்று கேமராப் படத்தோடு ஒப்பிட வேண்டும். இல்லை என்றால் உடனே, அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். ஆமாம், அதே இடத்தில். கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் ஆளைத் தொடாமல் வாழத் தெரிந்த சிறுத்தை அந்த இடத்தில் இருப்பது, புதிதாக ஒன்று வருவதைவிட ஊருக்குப் பத்திரம்.

ஐந்து. அதுதான் என்று உறுதியானால் மறுபடி எங்கும் விடக்கூடாது. பிரச்சினையைப் பக்கத்துத் தாலுகாவுக்குக் கைமாற்றுவது, வாராக்கடனை அடுத்த கிளைக்குத் தள்ளிவிடுகிற மாதிரி. புத்தகத்தில் சுத்தமாகத் தெரியும், பணம் மட்டும் வராது.

இதெல்லாம் வனத்துறை வேலை. நம் வேலை ஒன்று இருக்கிறது. அதற்குமுன், இந்தச் சிறுத்தைக்கு உண்மையில் யார் சாகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏழாவது மாடியில் கிரில் கேட்டுக்குப் பின்னால் சி.சி.டி.வி. பார்க்கிற நாம் சாவதில்லை. ஆரே காலனியில் வாசலுக்கு விளக்கோ வீட்டுக்குள் கழிப்பறையோ இல்லாத ஆதிவாசிக் குடியிருப்புக் குழந்தை சாகிறது. ஜுன்னரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போடப் போகிற விவசாயி அடிபடுகிறார், ஏனென்றால் பம்புசெட்டுக்கான மின்சாரம் அவருக்கு முறை வைத்துப் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். கரும்பு வெட்ட மராத்வாடாவிலிருந்து வண்டி கட்டி வந்து, வெட்டிய நிலத்து ஓரத்திலேயே ஓலைக் குடிசை போட்டுத் தங்குகிற கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கதவே கிடையாது. வால்பாறையில் 2025 ஜூனில் சிறுத்தை தூக்கிக்கொண்டு போன நாலு வயதுக் குழந்தை, தேயிலை பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை.

கவனித்தீர்களா? பாதிப்பேர் நம்மைப்போல ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவர்கள். நமக்கு எச்.ஆர்.ஏ. கிடைத்தது, லீஸ் வீடு கிடைத்தது, அவர்களுக்கு வரப்போரம் கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். நாம் கத்திக் கேட்கிற கூண்டு நம் பயத்துக்கு மருந்து. அவர்களுக்கு வேண்டியது கதவு, விளக்கு, கழிப்பறை, பகல் மின்சாரம். நம் வாட்ஸப் குழுக்களில் நான் இதுவரை யாரும் இவற்றைக் கேட்டுப் பார்த்ததில்லை.

இவையெல்லாம் கனவுத் திட்டமும் இல்லை. விவசாயத்துக்குப் பகலில் மின்சாரம் கொடுக்க மகாராஷ்டிராவில் சோலார் ஃபீடர் திட்டம் இருக்கிறது, சோலார் பம்புக்கு மத்திய அரசின் குசும் திட்டம் 2019-லிருந்து இருக்கிறது. எந்த ஊரில் முதலில் கொடுப்பது என்பதற்குச் சிறுத்தைத் தாக்குதலையும் ஒரு அளவுகோலாக வைக்கலாமே? நாலு பக்கமும் மேலேயும் கம்பி வலை அடித்த ஆட்டுக்கொட்டகைக்கு ஆகிற செலவு, அதில் அடைக்கும் ஆடுகளின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆட்டுக்கு லோன் கொடுக்கும்போதே கொட்டகைக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் வங்கிக்கே பாதுகாப்பு. மனித உயிர் போனால் மகாராஷ்டிரா அரசு 25 லட்சம் கொடுக்கிறது, ஒரு பகுதி கையில், மீதி ஃபிக்சட் டெபாசிட்டில். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு சின்னப் பங்கை முன்கூட்டியே ஒரு ஊரின் விளக்குக்கும் கதவுக்கும் செலவழித்திருந்தால், அந்த டெபாசிட் ரசீதை யாரும் ஒரு தாயிடம் நீட்ட வேண்டியிருக்காது. டெபாசிட் வாங்குவதே என் பிழைப்புதான், ஆனாலும் அப்படி ஒரு டெபாசிட் எந்தக் கிளைக்கும் வர வேண்டாம்.

இனி நகரத்தில் இருக்கும் நாம் செய்யக்கூடியது. போரிவலி பூங்காவிலும் சுற்றிலும் ஐம்பது சிறுத்தைக்கு மேல் இருக்கின்றன. 2002 முதல் 2004 வரை தாக்குதல் உச்சத்தில் இருந்த காலத்தை இங்கே பழைய ஆட்கள் மறக்க மாட்டார்கள். வெளியே பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து பூங்காவில் விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். பிறகு வனத்துறையும் தன்னார்வலர்களும் சேர்ந்து 2011-லிருந்து சுற்றுப்புற ஜனங்களிடம் பேச ஆரம்பித்தார்கள். குப்பையைக் குறை, நாய் குறையும். நாய் குறைந்தால் சிறுத்தை உன் வாசலுக்கு வராது. சூத்திரம் அவ்வளவுதான். நம் சொசைட்டிகளில் பின்பக்கச் சுவரோரம் ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பைக் கொட்டிவிட்டு, திங்கட்கிழமை சிறுத்தை வந்தது என்று அலறினால் எப்படி?

குப்பைத் தொட்டிக்கு மூடி. பின்சுவர்ப் பக்கம் விளக்கு. புதரை வெட்டிச் சுத்தம். தெருநாய்களுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் ராத்திரி சுவரோரத்தில் போட வேண்டாம், கருத்தடைக்கு மாநகராட்சியைக் கூப்பிடலாம். இருட்டியபின் குழந்தைகளைத் தனியாக விளையாட விட வேண்டாம். வாட்ச்மேனுக்குத் தூங்க ஒரு கதவுள்ள அறை கொடுங்கள், பல சொசைட்டிகளில் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் திறந்த வெளியில்தான் படுத்திருக்கிறார். சிறுத்தையை நேரில் பார்த்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள், அது போக வழி விடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், செல்ஃபிக்கு நிற்காதீர்கள்.

அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் யாராவது 'கூண்டு' என்று எழுந்தால், "எந்தச் சிறுத்தைக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆளை அடித்ததற்கு என்றால் நானும் சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். சுவர்மேல் நடந்ததற்கு என்றால், அந்த மனுவை மடித்து வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கும் கழிப்பறையும் கேட்டு இன்னொரு மனு எழுதுங்கள். மராத்தியில் எழுத வராவிட்டால் சொல்லுங்கள். மூன்று வருடம் ஜுன்னரில் குப்பை கொட்டியதில் மனு எழுதுகிற அளவுக்கு மராத்தி வரும் :-)

டிஸ்கி: மேலே சொன்ன சிறுத்தை, புள்ளிகள் ரோஜாப்பூ மாதிரி இருக்கும் நம் ஊர்ச் சிறுத்தை. 2022-ல் நமீபியாவிலிருந்து குனோவுக்கு விமானத்தில் வந்தது சிவிங்கிப்புலி, அது வேறு ஆள். அது வந்ததா என்று யாரும் தானேயில் ஜன்னல் வழியே பார்க்க வேண்டாம்.